அடுத்த ஸ்ரொப்புக்கு நடப்பவர்

இஞ்சேருங்கோ,

இங்கே வீட்டில், வெக்ஸ்போர்ட்டில், இன்று குளிர் மைனஸ் இருபத்தொன்று. உங்கள் தடித்த கிளவுஸ் இங்கேயே கிடக்கிறது. பழையதைத்தான் ஜப்பானுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள் போல.

திங்கட்கிழமை உங்கள் ஆய்வு முகாமிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். குரங்குக் கூட்டத்தின் பின்னால் நீங்கள் தனியே மலையேறினீர்களாம், பிறகு பனிப்புயலாம். நேற்றும் எடுத்தாள். உங்களை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொன்னாள். நான் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டுப் பருப்பு அவித்தேன்.

எங்கள் தேனுகா கேட்டாள்: "அம்மா, அப்பா அங்க என்ன சாப்பிடுவார்?"

நீங்கள் எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். இலையும் பழமும் இல்லாத மாதங்களில் குரங்குகள் மரப்பட்டையும் மொட்டும் தின்னும். பனி ஆழமானால் தூரம் அலையாமல், கிட்டக் கிடப்பதைத் தின்றுவிட்டு ஒன்றையொன்று அணைத்தபடி அசையாமல் இருக்கும். அலைந்தால், தின்றதில் கிடைத்த சூட்டைவிடக் கூடுதலான சூடு உடம்பை விட்டுப் போய்விடும்.

"அப்பாவும் அப்பிடி இருப்பாரோ?"

ஓம் என்றேன்.

பொய் சொன்னேன். லோறன்ஸ் றோட்டில் பஸ் பிந்தினால் நீங்கள் ஒருநாளும் நின்றதில்லை. அடுத்த ஸ்ரொப்புக்கு நடப்பீர்கள், நான் பனிக்குள் பின்னால் ஓடிவருவேன். இரண்டு ஸ்ரொப்புக்கும் நடுவில் வைத்து பஸ் எங்களைக் கடந்து போய்விடும்.

இந்த ஒருக்கா மட்டும் நில்லுங்கோ. தேடி வாறவை வருவினம்.

இந்தமுறை பின்னால் ஓடிவர முடியாத,
உங்கள் மனைவி