வெள்ளி மேல் ஆசை

சைகோன், 1911 மார்ச்

அன்புள்ள செசிலுக்கு,

சர்வேசுரன் கிருபையில் நான் சுகம். உனக்கும் மாமிக்கும் ஒரு குறையும் வராதிருக்க மன்றாடுகிறேன்.

என் முதலாளி முசியே ஆன்செல்மின் மனைவி ஒதில் காய்ச்சலில் இறந்துபோனாள். தன் தாயார் தந்த வெள்ளிச் செபமாலையோடு புதைக்கும்படி சொல்லியிருந்தாள். அப்படியே அதைக் கையில் சுற்றிச் சவப்பெட்டியில் கிடத்தினோம். பெட்டியை மூடும் நேரத்தில் முதலாளி நம் ஊர்ச் சாமியாரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சாமி, பண ஆசைதான் எல்லாத் தீமைக்கும் வேருன்னு பிரசங்கத்துல சொன்னீங்களே, அதுக்குக் கிரேக்கத்துல என்ன வார்த்தை?"

"பிலார்குரியா. வெள்ளி மேல ஆசைன்னு அர்த்தம்."

"அப்ப அந்தப் பாவத்தோட இவளை அனுப்பலாமா? தனிஸ்லாஸ், அதைக் கழட்டு."

"நான் சொன்னது அதில்லை, முசியே" என்றார் சாமியார். முதலாளி காதில் வாங்கவில்லை.

விரல்கள் விறைத்திருந்தன. நான் பிரிக்கும்போது ஒரு விரல் முறிந்தது.

"மெதுவாடா, மணி அறுந்துடப் போகுது" என்றார் முதலாளி.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே. காரைக்காலிலிருந்து யாராவது கப்பலேறினால் நார்த்தங்காய் ஊறுகாயும், நீ உடுத்திய பழைய சேலைத் துண்டு ஒன்றும் கொடுத்தனுப்பு. கை துடைக்க வேண்டும். சோப்பு போட்டும் கழுவின மாதிரி இல்லை.

முதலாளி கூப்பிடுகிறார். செபமாலையை உருக்கத் தட்டான் வந்துவிட்டானாம். அவன் எடையில் ஏமாற்றாதபடி நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்
தனிஸ்லாஸ்