கெசையாவுக்குத் திறக்காத கதவு

டிசம்பர் 3
மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தோல் பதனிடும் ஆலையின் நாற்றம் வேறு. கிறிஸ்துமஸ் வந்தால் போதும், வீட்டில் அடுப்பில்லாத ஜனமெல்லாம் வாத்தையும் கறியையும் தட்டில் தூக்கிக்கொண்டு என் ரொட்டிக்கடைக்கு வந்துவிடும். நான் என் அடுப்பில் வைத்துச் சுட்டுத் தர வேண்டும். தட்டுக்கு இரண்டு பென்னி. எரிகிற கரிக்கே காணாது. இந்த வருஷம் கிடையாது என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன். பழைய மாவுப் பையைக் கிழித்துத்தான் எழுதினேன். காகிதம் விற்கிற விலையில் புதிதாக வேறு வாங்குவார்களா?

டிசம்பர் 4
எழுத ஒன்றுமில்லை. மை மிச்சம்.

டிசம்பர் 8
இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. பகல் இரண்டு மணிக்குக் கீழே அடுப்பறைக்கு இறங்கினேன். அடுப்புக்கு முன்னால் கெசையா நின்றுகொண்டிருந்தாள். பிப்ரவரியில் நான் புதைத்த என் மனைவி கெசையா!

பேய் என்றால் ராத்திரி அல்லவா வர வேண்டும்? இவள் பட்டப்பகலில் நிற்கிறாள். தோளில் அவளுடைய பச்சைச் சால்வை. வலது கையை அடுப்பின் இரும்புக் கதவுக்கு நேராக நீட்டியிருந்தாள். தொடவில்லை. நான் இருமினேன். திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஆள் இல்லை.

ராத்திரி முழுக்க மாவு பிசைகிறவனுக்குப் பகலில் கண் என்னென்னவோ காட்டும். தூங்க வேண்டும்.

டிசம்பர் 9
தூங்கினேன். மறுபடியும் நிற்கிறாள். அதே இடம், அதே கை.

டிசம்பர் 11
ஏன் தொடாமல் நிற்கிறாள் என்று இன்றைக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

காலையில் ரொட்டியை வெளியே எடுத்ததும் அடுப்பை இறுக்கி மூடிவிடுவேன். உள்ளே இருக்கும் சூடு அப்படியே நிற்கும். ராத்திரி பாதிக் கரி போதும். என் அப்பா செய்தது, நானும் செய்கிறேன். போன குளிர்காலத்தில் இருமிக்கொண்டே இறங்கி வந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து கை காய்ந்துகொண்டிருந்தாள் கெசையா. நான் கத்தினேன். “மூடுடி அதை! நீ காயறது சூடு இல்ல, என் கரி!” அவள் சண்டைக்கு வரவில்லை. “சரிங்க, இனிமே தொடல” என்றாள்.

மேலே படுக்கையறையிலும் நான் கணப்பு மூட்டவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள்.

தொடமாட்டேன் என்று சொன்னாள். செத்த பிறகும் தொடாமல் நிற்கிறாள்.

டிசம்பர் 12
இன்றைக்கு நானே திறந்துவிடலாம் என்று இறங்கினேன். அவள் நின்றாள். கைப்பிடியைப் பிடித்தும்விட்டேன் — இப்போது திறந்தால் ராத்திரிக்கு ஒரு கூடைக் கரி கூடுதலாகப் போடணும் என்று மனது சொன்னது. கை நின்றுவிட்டது. ஒரு நிமிஷம்தான். அதற்குள் அவள் போய்விட்டாள்.

செத்துப்போனவளிடம் கூடக் கணக்குப் பார்த்தேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

டிசம்பர் 15
மூன்று நாளாக வரவில்லை. ரொட்டியைக் கருக்கிவிட்டேன். பாதி வீண். அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 17
வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பனி உள்ளே வரை வந்து அடுப்பறை இருண்டு கிடந்தது. அடுப்புக்கு முன்னால் அதே பச்சைச் சால்வை. அப்படியே மண்டியிட்டுவிட்டேன்.

“கெசையா, திறந்துக்கோம்மா. முழுசாத் திறந்துக்கோ. இருக்கற கரியெல்லாம் எரிஞ்சு போகட்டும். உன்னைக் குளிர்ல விட்டுக் கொன்னவன் நான்தான். எனக்குத் தெரியும்மா, அன்னிக்கே தெரியும்…”

சால்வை திரும்பியது. பின்சந்து சலவைக்காரி பெக்லரம்மா!

கெசையாவைப் புதைத்த வாரமே அந்தச் சால்வையைப் பழந்துணிக்காரனிடம் தள்ளியிருந்தேன். இவள் அவனிடம் வாங்கியிருக்கிறாள். வாத்து சுடுகிற விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கலாம் என்று வந்தாளாம். கடையில் ஆளில்லாமல் கீழே இறங்கியிருக்கிறாள்.

“போன வாரமும் நீதான் வந்தியா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க ஐயா, இன்னிக்குத்தான். கதவுல எழுதினதைப் பாத்ததிலேருந்து உங்க வாசலையே மிதிக்கல.”

நான் எழுந்திருக்கவில்லை. அவள் போகவும் இல்லை. பக்கத்தில் வந்து சொன்னாள்: “உங்க வீட்டம்மா போன குளிர்ல தினமும் நம்ம வீட்டுக்கு வரும் ஐயா. துணி வேகவெக்கிற கொப்பரைகிட்ட உக்காந்து கை காயும். ‘ரொட்டிக்காரர் பொண்டாட்டிக்கு எங்க கொப்பரைதான் கெடச்சுதா’ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ‘எங்க வீட்ல ஒரே சூடு, வேர்த்துக் கொட்டுது, அதான் காத்தாட வந்தேன்’னு சொல்லிச் சிரிக்கும். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல.”

என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இருமிக்கொண்டே, தெருவைத் தாண்டிப் போய்.

மன்னிப்பு கேட்டேன். அது விழ வேண்டியவள் காதில் விழவில்லை, சலவைக்காரி காதில் விழுந்தது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

டிசம்பர் 18
கதவில் ஒட்டியதைக் கிழித்துப்போட்டேன். பகல் இரண்டு மணிக்கு அடுப்பை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

டிசம்பர் 22
இல்லை.

டிசம்பர் 25
முப்பத்தொரு தட்டு. காசு வேண்டாம் என்றதும் வரிசையே பயந்துபோய்விட்டது. தோல் ஆலைக்காரன் ஒருவன், “உடம்பு கிடம்பு சரியில்லையா ஐயா? டாக்டரைக் கூட்டியாரட்டுமா?” என்றான். பெக்லரம்மா விடுவாளா? “காசு வேணாம்னா, வாத்துல வழியற கொழுப்பை ரெட்டிப்பா வழிச்சுக்குவாரு, பாத்துக்கங்கடி!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வருஷாவருஷம் வழித்துக்கொண்டிருந்தவன்தானே நான்? இந்த முறை ஒரு கரண்டி கூட எடுக்கவில்லை.

தட்டுகளைக் கொடுத்து முடித்த பிறகும் அடுப்பை மூடவில்லை. கொஞ்சம் பேர் போகாமல் நின்று கை காய்ந்தார்கள். வெடித்த கை, சாயம் ஏறிய கை, விரல் போன கை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் கை இல்லை. எல்லோரும் போன பிறகு அழுதேன்.

ஜனவரி 9
கரி தீர்ந்துவிட்டது, அடுத்த மூட்டை சொல்லியிருக்கிறேன். தினமும் இரண்டு மணிக்கு யாராவது காய வருகிறார்கள். இன்றைக்கு ஒன்பது பேர். குளிர் தீர்ந்துதான் கெசையா வருவதில்லை என்று சில நாள் தோன்றுகிறது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இருக்கலாம் என்று சில நாள். யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றரை ஆகிவிட்டது, காய வந்தவர்கள் போய்விட்டார்கள். அடுப்பு ஆறிக்கொண்டிருக்கிறது, மூட வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். கெசையா ஒருவேளை நேரம் கழித்து வருகிறாளோ என்னவோ.