பெயர் எழுதப்படாத நன்கொடை

இன்று காலை பட்டறையைத் திறந்ததும் ஹைட்ராலிக் ஆயில் வாடையோடு புளிச்சோற்றின் மணமும் எழுந்தது. நேற்று பயிற்சிக்கு வந்த மாணவியருள் ஒருத்தி டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கழுவி வைக்கையில் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

நான் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் பம்புகளைக் கழற்றிப் பூட்டியே தொழிலைக் கற்றவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. திருச்செங்கோட்டில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த நீங்கள், அந்தப் பெருமையை மதித்து, பள்ளிக்கு உதவி கேட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் நடத்திய கூட்டத்திற்கு என்னையும் அழைத்தீர்கள். ஒருபுறம் ரிக் உரிமையாளர்கள், மறுபுறம் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்கள். உரிமையாளர்கள் வழக்கம்போல் மின்விசிறி தர முன்வந்தார்கள், இறக்கையில் ‘உபயம்’ என்று பெயர் எழுதி.

“ஃபேன் போதுமுங்க. சனிக்கெழம எம்புள்ளைங்களுக்கு உங்க பட்டறைக் கதவத் தொறந்து விடுங்க. காலேஜ்ல கணக்குச் சொல்லிக் குடுக்கட்டும், உங்ககிட்ட அது மெஷினா ஓடறதப் பாக்கட்டும்,” என்றீர்கள்.

மூத்த உரிமையாளர் ஒருவர் சிரித்தார். “பொட்டப்புள்ளைங்க ரிக்கு மேல ஏறுவாங்களாக்கும்?”

“ஏறுவாங்க. நீங்க ஏணிய எடுக்காம இருந்தாச் சரிங்க.”

முதலில் என் பட்டறைக்கு அனுப்புமாறு எழுந்து நின்று கூறினேன். மறுவாரம் தாய்மார்களோடு வந்தீர்கள். ஒரு தாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஏனுங்க, புள்ளைங்க ஒதுங்க எடம் எங்கீங்க?” என்று கேட்டார். அப்படியோர் இடமே இல்லை. அத்தனை ஆண்டுகளும் நானே பக்கத்து வீட்டை நம்பி இருந்தவள்.

“அப்பச் சரிப்படாதுங்க,” என்று அவர் கிளம்பினார். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். அவர்கள் போய்விட்டால் வேறெந்தப் பட்டறையும் திறக்காது என்பதை நாம் இருவரும் அறிவோம்.

நீங்கள் நின்ற இடத்திலிருந்தே அந்த மூத்த உரிமையாளரை அலைபேசியில் அழைத்தீர்கள். “ஃபேனுக்குப் பதிலா இங்க ஒரு பாத்ரூம் கட்டிக் குடுங்க. உங்க பேரையே பெருசா எழுதிரலாம்.”

அவர் பதறியது ஸ்பீக்கரில் அனைவருக்கும் கேட்டது. “கக்கூஸ்ல எம்பேரா? கட்டித் தாரேன் சாமி, பேரு மட்டும் வேண்டாமுங்க!”

தாய்மார்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அது கட்டி முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

நீட்டியதை வாங்கிக்கொண்டு நன்றி கூறுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேவையானதைக் கேட்டுப் பெறும் துணிவை உங்களிடம்தான் கண்டேன். அன்று முதலில் கிளம்பிய தாயின் மகள் இப்போது பொறியியல் முடித்து, அதே உரிமையாளரிடம் ரிக் வடிவமைக்கிறாள். அவர் அவளை ‘இஞ்சினியரம்மா’ என்று அழைப்பதை நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

சென்ற வாரம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் ஒருவர் தாமாகவே என்னைத் தேடி வந்தார். “எங்க பட்டறைக்கும் புள்ளைங்கள அனுப்புங்க,” என்றார். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு, பள்ளியிலும் கல்லூரியிலும் பேசி ஏற்பாடு செய்யும் பொறுப்பு இப்போது என்னுடையது.

“வாரேனுங்க,” என்றேன். “மொதல்ல அவுங்க அம்மாமார்களக் கூட்டிக்கிட்டு வாரேன்.”