தூணில் ஏழு துளைகள்

ஞாயிறு, ரோம்.

ஓசூர் ஆலையிலிருந்து பயிற்சிக்கு வந்த எனக்கும் மேலாளர் நாகராஜ் சாருக்கும் மட்டும் இன்று ஒரு வழிகாட்டி. பெயர் மார்த்தா. இடிந்த ரோமானியக் கோயில் ஒன்றின் முன் விழுந்து கிடந்த கருங்கல் தூணைக் காட்டினார். அதில் ஒரே வரிசையில் ஏழு துளைகள். தோரணம் கட்டப் போட்டவை என்றார்.

இல்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று சார் கேட்பார். அப்பாவுக்கு கிரானைட் பிசினஸ் என்று இரண்டு வருடமாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். இவை ஆப்பு இறக்கும் துளைகள். பிற்காலத்தில் யாரோ தூணைப் பிளந்து கொண்டுபோகப் பார்த்திருக்கிறார்கள். முடியாமல் விட்டிருக்கிறார்கள்.

மார்த்தா குனிந்து துளைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். பத்து வருடமாகத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்றார்.

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் சார்.

"எங்கப்பா குந்தாரப்பள்ளிகிட்ட குவாரில கல்லு ஒடைக்கறாரு சார். ஓனர் இல்ல. கூலி."

"பிசினஸ்னு சொன்னியே?"

"பொய் சார்."

சிரித்தார். "எங்க நாயனா ரெண்டு மாடு வச்சிருந்தாரு. நான் பால் பண்ணைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அறைக்கு வந்து அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"தொளைய தள்ளித் தள்ளிப் போட்டிருக்கான். வேலை தெரியாதவன். எப்பிடிம்மா பொளக்கும்?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, கீழே அப்பாவின் பெயரையும் போட்டு, மார்த்தாவுக்கு அனுப்பிவிட்டேன்.