முன்சீட்டில் றோஸி அக்கா

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
14.07.1974

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸ் அறிவது,

சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும். உடம்பு சுகம். மற்றதைப் பற்றிக் கேளாதே. நீயும் ஐறீனும் வங்காலையில் மாமா மாமியுடன் நலமாக இருப்பதைப் பிள்ளையின் போஸ்ட்காட்டில் அறிந்தேன். நான் உனக்கு எழுதும் கடிதங்களுக்கு எட்டு வயது மகள்தான் பதில் போடுகிறாள். அவளுடைய கையெழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது. அதற்காவது என் கடிதங்கள் உதவினவே என்று சந்தோஷப்படுகிறேன்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு என்று தாய் வீட்டுக்குப் போனவள் நீ. ஓகஸ்ட் விடுமுறையும் வரப்போகிறது. ஆபீசில் கேட்பவர்களுக்கு மாமிக்குச் சுகமில்லை என்று சொல்லி வருகிறேன். மாமி மன்னிக்க வேண்டும். என் வாயால் அவருக்கு இதுவரை வராத வருத்தம் இல்லை.

அந்தச் சமையலறைச் சண்டையை நான் மறுபடி கிளறப் போவதில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். றோஸி அக்கா கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை என்று வந்தவர்தான், மறுக்கவில்லை. இருந்த அறையை வீட்டுக்காரர் திருப்பி எடுத்துவிட்டால், கலியாணம் முடிக்காத கூடப்பிறந்த அக்காவை நான் நடுத்தெருவிலா விடுவது? அவர் உன் மிளகாய்த்தூளுக்குக் குறை சொன்னார், உன் அடுப்பை இடம் மாற்றினார், எல்லாம் உண்மை. அதற்காகக் கோட்டை ஸ்டேசனில், ரெயில் வெளிக்கிடும் நேரம் பார்த்து, "ஒரு குசினிக்கு ரெண்டு பொம்பிளை வேண்டாம். ஆர் வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன பதில் சொல்வான்? தண்ணீர்ப் போத்தல் பத்திரம் என்று சொன்னேன். அதையும் குற்றமாக எடுத்துக்கொண்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை மடுத் திருவிழாவுக்கு நான் காரில் வருகிறேன். உன் அண்ணன்மார் உங்களை ட்ராக்டரில் கூட்டி வருவார்கள் என்று ஐறீன் எழுதியிருந்தாள். அங்கே சந்திப்போம். திருவிழா முடிந்ததும் மூன்று பேருமாகக் கொழும்புக்குத் திரும்புவது என்பது என் எண்ணம். உன் எண்ணம் என்னவென்று பிள்ளையைக் கொண்டாவது எழுதுவி.

கார் என்றதும் நினைவு வருகிறது. நம் ஒஸ்ரின் ஆபீசுக்கும் கோவிலுக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மடு என்று சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக நோவு சொல்கிறது. றேடியேற்றர் ஒழுகுகிறது. பின் ரயர் இரண்டும் என் தலையைப் போல் வழுக்கை. புது ரயருக்கு மனுப்போட்டுக் காத்திருந்தால் அடுத்த வருஷத் திருவிழாவுக்குத்தான் போகலாம். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் ஸவாஹிர் நானாவிடம் போய்ப் புதிதாக ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். "புதுசு ஈந்தா நான் ஏன் பழசு விக்கிற?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். நாட்டில் இறக்குமதியை நிறுத்தியது நான்தான் என்பது போல இருந்தது அவர் பார்வை.

கூடாரம், பாய், சட்டி பானை, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் காரின் பின்பெட்டிக்குள் அடங்காது. அதனால் காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு ட்ரெயிலர் செய்யக் கொடுத்திருக்கிறேன். உடைந்த ஜீப் ஒன்றின் அச்சில் பலகைப் பெட்டி அடித்துத் தருகிறார் நானா. இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்டார். வரும்போது சாமான் கூடும் என்றேன். நீ தையல் மெசினையும் ரெயிலில் ஏற்றிக்கொண்டு போனவள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

இனித்தான் தலையிடி. றோஸி அக்காவும் மடுவுக்கு வருகிறாராம். வரட்டும், மாதா எல்லாருக்கும் பொது. ஆனால், "எனக்குப் பின்னுக்கு இருந்தா வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும், நான் முன்சீட்டிலைதான் இருப்பன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். வேறு யாரும் அரைத்த மிளகாய் ஒத்துவராது என்று அம்மிக்கல்லையும் ட்ரெயிலரில் ஏற்றச் சொல்கிறார். திரும்பி வரும்போது உன்னை எங்கே இருத்துவது என்று நான் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

ஐறீனுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
நிக்கலஸ்


கொட்டாஞ்சேனை,
29.07.1974

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸ்,

ஐறீனின் பதில் கிடைத்தது. "கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மீன் வெட்டினா" என்று எழுதியிருக்கிறாள். எந்தக் கத்தியால், எவ்வளவு வேகமாக வெட்டினாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ட்ரெயிலர் வந்துவிட்டது. பச்சை நிறம். பிறேக்கை மிதித்தால் அதன் பின்விளக்கு எரிய வேண்டும் என்று ஸவாஹிர் நானாவின் ஆள் வயர் இழுத்துத் தந்தான். எரிகிறது. கூடவே ஹோர்னும் அடிக்கிறது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே ஒருமுறையும் அடிக்கவில்லை. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் அடித்தது. முன்வீட்டு றேமண்ட் சாரத்தோடு வெளியே ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார்.

அடுத்த கரைச்சல், இந்தச் சனியனைப் பின்னுக்கு எடுப்பது. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் வெட்டினால் ட்ரெயிலர் வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் வெட்டினால் ஒழுங்கைக்குக் குறுக்கே நின்றுவிடுகிறது. ஒழுங்கை முழுவதும் வெளியே வந்து எனக்குப் பாடம் எடுத்தது. றேமண்ட் தமிழில் கத்த, மூலை வீட்டுப் பையன்கள் இங்கிலீசில் கத்த, பாண் கொண்டுவந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு "அனித் பெத்தட்ட, மாத்தயா!" என்று சிங்களத்தில் மற்றப் பக்கம் காட்ட, நான் மூன்று மொழியையும் மதித்துக் கொண்டுபோய் உன் குரோட்டன் சாடியில் இடித்தேன். ஒரு சாடிதான். நீ வந்து பார்க்கும்போது கேட்காதபடி இப்போதே எழுதிவிடுகிறேன்.

இனி எழுதப் போவதை நீ சிரிக்காமல் வாசிக்க வேண்டும். சிரித்தாலும் எனக்குத் தெரியாமல் சிரி.

நேற்று ஞாயிறு, அர்ச்சிஷ்ட கிறிஸ்தோப்பர் திருநாளை ஒட்டிக் கோவில் முற்றத்தில் வாகனங்களை ஆசீர்வதித்தார்கள். உனக்குத் தெரியும், எந்தப் பயணத்துக்காக ஆசீர்வாதம் கேட்கிறோமோ அந்தப் பயணத்தில் இருக்கப்போகும் இடத்திலேயே எல்லாரும் இருக்க வேண்டும். நம் ஆட்களின் வழக்கம் அது. மடுவுக்குப் போகும் கார்கள், வான்கள், ஒரு லொறி எல்லாம் நெருக்கமாக வரிசையில் நின்றன. நான் ஸ்ரியறிங்கில், பின்னால் ட்ரெயிலர். என் பக்கத்தில் முன்சீட்டில், கறுப்பு முக்காடும் செபமாலையுமாக றோஸி அக்கா.

ஆசீர்வதிக்க வந்தவர் புதிதாக வந்த உதவிச் சுவாமி. இளம் மனிதர், நல்லவர், கையில் ஒலிவாங்கி வேறு. அவர் வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அக்கா என் பக்கத்தில் இருந்துதான் பூசை கண்டவர். அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்? நம் காருக்கு முன்னால் நின்றார், முகம் மலர்ந்தார், முற்றம் முழுவதும் கேட்க, "ஆண்டவரே, முதிர்ந்த வயதிலும் கைகோத்துப் பயணம் செய்யும் இந்தத் தம்பதியரை ஆசீர்வதித்தருளும்" என்று செபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் நானும் ஆமென் என்றுவிட்டேன். அதற்குள் தீர்த்தத் தண்ணீர் கண்ணுக்குள் விழுந்துவிட்டது.

எனக்கு நாற்பத்துநான்கு வயது, கொன்ஸ்ரன்ஸ். முதிர்ந்த வயதாம்.

உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால் முன்னால் லொறி. பின்னுக்கு எடுக்கத்தான் எனக்குத் தெரியாதே. ஆகவே லொறி நகரும்வரை நாங்கள் இருவரும் கண்காட்சிச் சாமான் மாதிரி இருந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். றேமண்ட் யன்னலுக்குள் கையை விட்டு, "வயது போன தம்பதியருக்கு வாழ்த்துக்கள்" என்றார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போல் இருந்தது. எங்கள் பிள்ளையின் ஞானத்தாய் வந்து உன்னைக் கேட்டார். மாமிக்குச் சுகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டு, "அவ தாய் வீட்டை போனது என்னாலை" என்று சொன்னார். முற்றத்தில் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்வரை அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சுவாமியைத் திட்டினேன், லொறியைத் திட்டினேன், ட்ரெயிலரைத் திட்டினேன். வாசலில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார். "சாமியாரிலை ஒரு பிழையுமில்லைத் தம்பி. நான் போய் இருந்த இடம்தான் பிழை" என்றார். அன்று மத்தியானம் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைப் பாணை வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம்.

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நிக்கலஸ்


கொட்டாஞ்சேனை,
08.08.1974

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸ்,

இந்தக் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே வாசி.

றோஸி அக்கா கல்கிசைக்குப் போய்விட்டார், அண்ணா வலன்ரைன் வீட்டுக்கு. அண்ணாவின் மனைவியோடு அவர் எத்தனை வருஷமாகக் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கே கடிதம் எழுதி, பின்னறை கிடைக்குமா என்று தானாகக் கேட்டிருக்கிறார். எனக்குச் சொன்னது எல்லாம் ஒழுங்கான பிறகுதான். நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்னேன், கோபித்தேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். "அடுப்பைப் பழைய இடத்திலை வைச்சிட்டன், அவ வந்து பாக்கட்டும்" என்பதுதான் பதில். அடுப்பு பழைய இடத்தில்தான் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மடுவுக்கென்று செய்த ட்ரெயிலரின் முதல் பயணம் அக்காவின் றங்குப்பெட்டியையும் கதிரையையும் அம்மியையும் ஏற்றிக்கொண்டு கல்கிசைக்கு. சனிக்கிழமை காலி வீதி எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒவ்வொரு பிறேக்குக்கும் ஒரு ஹோர்ன். பஸ்காரர்கள் தலையை நீட்டி என் குலம் கோத்திரத்தையே திட்டினார்கள். பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தி, ஏன் சும்மா சும்மா அடிக்கிறீர் என்று சிங்களத்தில் கேட்டார். நான் அடிக்கவில்லை, கார் அடிக்கிறது என்றேன். நம்பவில்லை.

அதையெல்லாம் தாங்கலாம். அக்கா பின்சீட்டில் இருந்தார், கொன்ஸ்ரன்ஸ். முன்னுக்கு வாங்கோ என்று வாசலில் கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறி, ஒரு கடதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். தெகிவளைப் பாலம் தாண்டியதும் சத்தி எடுத்தார். ஓரத்தில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, இப்போதாவது முன்னுக்கு வாங்கோ என்று சத்தம் போட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "காரை எடு" என்றார். எனக்கு வந்த கோபம் யாரில் என்று இன்றுவரை தெரியவில்லை. அக்காவிலா, உன்னிலா, என்னிலா, அந்த இளம் சுவாமியிலா? மிச்ச வழி முழுக்க எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா உனக்குச் சொல்லிவிட்டதை அப்படியே எழுதுகிறேன். மடுவில் வேறொரு சுவாமியைப் பிடித்துக் காரைத் திரும்ப ஆசீர்வதிக்க வேண்டுமாம், அப்போது நீ முன்சீட்டில் இருக்க வேண்டுமாம். தன் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டுமாம். உன் மிளகாய்த்தூளைப் பற்றி அவர் கருத்து மட்டும் மாறவில்லை. அதையும் சொல்லச் சொன்னார்.

அக்கா போய்விட்டதால் நீ ஸ்டேசனில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைக்காதே. அக்கா போனது அக்காவின் மனது. அதை என் பதிலாகக் காட்டி உன்னைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. என் பதிலை நானே சொல்கிறேன். நீதான் வேண்டும். அக்கா இங்கே இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதியிருப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அக்காவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு யார் சமைப்பது என்பதை நீங்கள் இருவரும் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ரயருக்குப் பழைய உடலில் புதுத் தோல் ஒட்டியாயிற்று. றேடியேற்றருக்கு ஈயம் வைத்தாயிற்று. திங்கள் விடிய வெளிக்கிடுகிறேன். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக வருவேன். வழியில் அனுமதி இல்லாமல் அரிசி, செத்தல் மிளகாய் கொண்டுபோகிறார்களா என்று மறித்துச் சோதிக்கிறார்களாம். சோதிக்கட்டும். கூடாரத்தையும் அடுப்பையும் தவிர அந்தப் பெரிய பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

திருவிழாப் பூசை முடிந்து மாதா சுற்றுப்பிரகாரம் வந்த பிறகு உன் அண்ணன்மார் ட்ராக்டரைத் திருப்புவார்கள். நீ அதில் ஏறினால் நான் தடுக்க மாட்டேன், இழுக்கவும் மாட்டேன். ஆனால் நான் கொழும்புக்குத் திரும்பப் போவதும் இல்லை. கூடாரத்தைப் பிரிக்காமல் அந்தக் காட்டிலேயே இருப்பேன். சனமெல்லாம் போனாலும், கடைக்காரர் தட்டிகளைக் கழற்றினாலும், ஆபீசிலிருந்து தந்தி வந்தாலும் இருப்பேன். யாராவது ஏன் இருக்கிறாய் என்று கேட்டால், பெண்சாதியைக் கூட்டிப்போக வந்தனான், அவ இன்னும் வரேல்லை என்று சொல்லுவேன். அந்தக் கதை வங்காலைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் பார். கோவில் முற்றத்தில் அக்காவுக்கே மாப்பிள்ளையாகி ஆமென் சொன்னவன் நான். இனி எனக்கு என்ன வெட்கம்?

மடு மாதா உங்கள் இருவரையும் வழி முழுவதும் காக்கட்டும். ட்ராக்டரில் பிள்ளையை ஓரத்தில் இருத்தாதே. வா, கொன்ஸ்ரன்ஸ்.

உன்னைக் கூட்டிப்போக வரும்,
நிக்கலஸ்