வாஷ்பேசினில் போன மருந்து

சனோபர்,

நீ கம்பெனியிலிருந்து வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ரசம் வைத்திருக்கிறேன், இக்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சூடு பண்ணிக் கொடு.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதமாக நான் இன்சுலின் போடவே இல்லை. ஊசி என்றால் எனக்கு அவ்வளவு பயம். கதவைச் சாத்திக்கொண்டு பதினாறு யூனிட்டையும் தினமும் வாஷ்பேசினில்தான் விட்டேன்.

நேற்று சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்ததா, மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இருபத்தெட்டாகக் கூட்டிவிட்டார். "நான் ஆக்குற சோறுதானுங்க உங்களக் கெடுக்குது" என்று நீ அழுதாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கிருந்து நானே போட்டு உடறனுங்க" என்றாய் பார், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்தே பழகாத உடம்பில் ஒரேயடியாக அவ்வளவு ஏறினால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம். காலையில் நீ ஊசியோடு வந்தபோது எரிந்து விழுந்தது அதனால்தான். கோபமில்லை.

இன்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். திட்டினால் திட்டட்டும்.

உன் சமையலில் ஒரு குறையும் இல்லை.

முதஸ்ஸிர்

டாக்டர் புது அளவு சொல்லும்வரை ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலினைத் தொடாதே.

இக்ராவிடம் எதுவும் சொல்லாதே, பயந்துவிடுவாள்.

அளவு தெரிந்த பிறகு நீயே போட்டுவிடு சனோபர். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வேண்டாமென்று கத்தினாலும் விடாதே.