மருமகளின் ஒப்பம்

செவ்வாய், 11 நவம்பர். ஓல்டன், சுவிஸ்.

என் மகன் குமரன் வேலையை விட்டுவிட்டு உணவகம் திறக்கப் போகிறானாம். அதற்குத் தன் ஓய்வூதிய நிதியில் சேர்ந்த காசு முழுவதையும் எடுக்க வேண்டுமாம். மனைவி ஒப்பமிடாமல் அது கிடைக்காது. மருமகள் சுதா மறுத்துவிட்டாள். இன்று அவள் முன்னாலேயே என்னிடம் சொல்கிறான்: "அம்மா, நீங்கள் சொன்னால் கேப்பாள். வெருட்டிச் சொல்லுங்கோ."

என்னை என்னவென்று நினைத்தான்? முதியோர் இல்லத்தில் பிறருடைய தாய்மாரைத் தூக்கி இடுப்பு முறிந்தவள் அவள். அவளுடைய முதுமைக்கும் அந்தக் காசுதான்.

"பிள்ளை, ஒப்பம் வையாதை," என்றேன் சுதாவிடம்.

"நீங்கள் ஆற்றை அம்மா? என்ரையோ, அவளின்ரையோ?" என்று கத்தினான்.

"நான் இண்டைக்குச் சாப்பிடுறது உன்ரை அப்பற்றை பென்சனிலை. அவர் அதை எடுக்கக் கேட்கேக்கை நானும் ஒப்பம் வைக்கேல்லை."

அதற்காக என் கணவர் என்னோடு எவ்வளவு காலம் பேசாமல் இருந்தார் என்பதைச் சுதாவுக்குச் சொல்லவில்லை.